ஆறு பேரில் அசையாத ஒருவன்

அன்புள்ள மகனுக்கு,

உம்மா எழுதுகிறேன். நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். பெட்டிக்குள் துணியை அமுக்கி ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து வந்து நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ இரண்டு நிமிடம் கேட்பாய், பிறகு "உம்மா, ஐ வில் பி ஃபைன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். தமிழ் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும், கற்றுக்கொடுத்தவளே நான்தானே. அவசரமில்லை. விமானத்தில் வைத்து மெதுவாகப் படி.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னாய்: "ஆப்பிரிக்கால தங்கம் தோண்டுற இடம் உம்மா. அங்கேயே கேம்ப்ல தங்கி வாங்கி அனுப்பணும். சைன் பண்ணிட்டேன்." நான் "நல்லது, மீனை எடுத்துப் போட்டுக்கோ" என்றேன். நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தியதைப் பார்த்து, சுகர் இறங்கிவிட்டதா என்று கேட்டாய். சுகர் இல்லை. உன் முதலாளிக்காக நான் பிரிண்ட் போட்ட அந்தப் பழைய படங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அந்த வேலையை ஏன் பாதியில் திருப்பிக் கொடுத்தேன் என்று நீ இரண்டு முறை கேட்டிருக்கிறாய். கண்வலி என்று சொன்னேன். அது பொய்.

அவர் துபாய் தேராவில் புதிய நகைக்கடை திறப்பதற்கு முன்னால், எங்கோ ஓர் ஏலத்தில் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி நெகட்டிவ்களை வாங்கி வந்தார். நூறு வருஷத்துக்கும் மேல் பழையவை. ஏதோ ஒரு குளிர் நாட்டில், ஆற்று மணலில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப்போன காலத்தில் எடுத்த படங்கள். கடைச் சுவர் முழுக்க அவற்றைப் பெரிதாக மாட்ட வேண்டும், அதுவும் பழைய முறையில் இருட்டறையில் போட்ட பிரிண்ட்டாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "லாத்தா, நீங்கதான் செஞ்சு தரணும்" என்று அக்கா முறை வைத்து அழைத்து வீடு தேடி வந்துவிட்டார். உன் வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு ஸ்டூடியோவை மூடினோமே தவிர, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் அவருடைய பெரிய என்லார்ஜரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. நம் ஷார்ஜா வீட்டு ஸ்டோர் ரூமின் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, சிவப்பு விளக்கைப் போட்டு வேலையை ஆரம்பித்தேன்.

முதல் பத்து நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளைக் காகிதத்தை டெவலப்பர் மருந்தில் போட்டு ட்ரேயை மெல்ல ஆட்டினால், ஆறு வரும், கூடாரம் வரும், இடுப்பளவு தண்ணீரில் தட்டை வைத்து மணல் அலசும் மனிதர்கள் வருவார்கள். ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும் நம்பர் கீறியிருந்தது. அந்த வரிசையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன். அவர்களில் ஒருவனை எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இளம் வயது, அடர்ந்த மீசை, கோட்டின் முழங்கையில் வெளிர்த் துணியால் ஒட்டுப் போட்டிருப்பான். ஒரு படத்தில் அவன் சிரித்துக்கொண்டே கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டியிருந்தான். அசைந்த கை மட்டும் புகை மாதிரி விழுந்திருந்தது. அந்த ஒட்டுக்கோட்டுக்காரனை அடுத்தடுத்த படங்களில் நானே தேட ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு அந்தப் படம் வந்தது. மர வீட்டுக்குள் ஒரு பெஞ்சு. அதில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் படம் எடுத்தால் வெளிச்சம் போதாது. கேமராவின் மூடியைப் பல நொடிகள் திறந்தே வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்த மனிதனும் கல்லாக இருக்க முடியாது. மூச்சு விடுவான், நெஞ்சு ஏறி இறங்கும், இமை துடிக்கும். ஆகவே, உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் படத்தில் கொஞ்சமாவது கலங்கித்தான் தெரிவார்கள். ட்ரேயில் முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. ஐந்து முகம் லேசாகக் கலங்கியிருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த ஒட்டுக்கோட்டுக்காரன் மட்டும் தெளிவாக இருந்தான். மீசையின் ஒவ்வொரு முடியையும், கோட்டில் போட்ட ஒட்டின் ஒவ்வொரு தையலையும் எண்ணலாம். இரண்டு பக்கமும் இருந்தவர்களின் கைகள் அவன் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. தோழமையில் போட்ட கை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் அவனை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அவன் கண்கள் திறந்திருந்தன. அதுதான் புரியவில்லை. கண்ணாடி நெகட்டிவை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இமைகள் மூடித்தான் இருந்தன. அவற்றின் மேல் யாரோ கண் வரைந்திருந்தார்கள். கண்ணின் வெள்ளைக்கு மெல்லிய பென்சில். கருவிழிக்குக் கத்தி முனையால் ஒரு சின்னச் சுரண்டல். நெகட்டிவில் அப்படிச் செய்தால் பிரிண்ட்டில் உயிருள்ள கண்ணாக விழும். பாஸ்போர்ட் படத்தில் இமை மூடியவர்களுக்கு நானும் அப்படித்தான் செய்வேன். அதே பென்சில் இழுப்பு, அதே இடத்தில் சுரண்டல். வெளியே நடுப்பகல், கீழே ரோட்டில் டாக்சிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பேப்பர் கெட்டுப்போகும் என்பதுகூட மறந்து டியூப் லைட்டைப் போட்டேன். என் கண் முன்னால் அந்தப் படம் கறுத்துக்கொண்டே போனது. கடைசிவரை தெரிந்தது அந்த இரண்டு கண்தான்.

நான் பயந்தது அந்தச் செத்த மனிதனைப் பார்த்து அல்ல, மகனே. நானும் ஒரு காலத்தில் ஒரு செத்த மனிதனை உயிரோடு இருப்பதாகக் காட்டியிருக்கிறேன். இது உனக்குத் தெரியாது. உன் வாப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது உனக்கு இரண்டு வயது. தேராவில் நம் ஸ்டூடியோவின் முன்பக்கம் வாப்பா படம் எடுப்பார், உன்னையும் பார்த்துக்கொள்வார்; பின்பக்க இருட்டறை என்னுடையது. வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் வேலை பார்த்த பழனிவேல் அப்படித்தான் வந்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். ஊரில் அம்மாவிடம் குவாரி என்று சொல்லவில்லை, துபாயில் ஏ.சி. கடையில் வேலை என்று சொல்லி வைத்திருந்தான். அதற்கேற்ற மாதிரி வாப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு, சோபாவில் ஒன்று, அருவிப் படத் திரைக்கு முன்னால் ஒன்று என்று ஏழெட்டுப் படம் எடுத்துக்கொண்டான். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு, "மத்ததை அடுத்த மாசம் வந்து வாங்கிக்கிறேன்கா" என்று போனான்.

அடுத்த மாதம் அவனுக்குப் பதிலாக அவன் சித்தப்பா மகன் தங்கராசு வந்தான். அதே குவாரி, அதே ரூம். கவுண்டரில் நின்று அழுதான். பாறை சரிந்து பழனிவேல் போய்விட்டான். உடலைத் திருச்சிக்கு அனுப்பி, பழனிவேலின் அண்ணன்காரர் அங்கேயே காரியத்தை முடித்துவிட்டாராம். அம்மாவுக்கு அப்போதுதான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருந்தார்கள். தாங்க மாட்டார்கள் என்று பயந்து, சாவை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. "அந்த மிச்சப் படம் இருக்குல்லக்கா, அதுல ஒண்ணு மட்டும் போட்டுக் குடுங்க. லெட்டரை நான் எழுதிக்கிறேன். பெரியம்மா உசிரு தேறுற வரைக்கும்தான்" என்றான்.

போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. முதல் இரண்டு முறை இரக்கத்தில் செய்தேன். அதற்குப் பிறகு இரக்கம் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. ஒரே நெகட்டிவை ஒரு தடவை இடுப்பு வரை, ஒரு தடவை முகம் மட்டும் என்று மாற்றி மாற்றிப் போட்டு, புதிதாக எடுத்த படம் மாதிரி காட்டுவதில் எனக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. வாப்பா ஒருநாள், "போதும்மா. செத்தவனோட மையத்தை நாற்காலியில உக்கார வச்சுக்கிட்டு ஈக்கிறோம் நாம" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு தாயின் உயிரைக் காப்பாற்றுகிறேன், உங்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்.

பிறகு ஊரிலிருந்து அந்த அம்மாவின் லெட்டர் வந்தது: எல்லாப் படமும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே, வெளியில் வெயிலில் நின்று ஒன்று எடுத்து அனுப்பு. வெளியில் எடுத்த படம் ஏது? தங்கராசுவை அப்ரா படகுகள் நிற்கும் கரையில் நிறுத்தி, புதுச் சட்டை போட்டு வாப்பாவின் கேமராவில் நானே எடுத்தேன். இருட்டறையில் அவன் தலையை மறைத்து உடம்பை மட்டும் பேப்பரில் விழவைத்து, அந்த இடத்தில் பழனிவேலின் முகத்தை இறக்கினேன். ட்ரேயில் சட்டை வந்தது, தண்ணீர் வந்தது, படகு வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முட்டை மாதிரி வெள்ளை. மறுபடி போட்டேன், மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவையும் அப்படியே. என்லார்ஜர் சரியாக இருந்தது, பேப்பர் சரியாக இருந்தது, நேரம் சரியாக இருந்தது. எங்கே தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான்காவது தடவை போட்டேன். முகம் வந்தது. நல்ல வேலை என்று நினைத்துக்கொண்டு கழுவிக் காயப்போட்டேன்.

ஒரு மாதத்துக்குள் தங்கராசு ஒரு லெட்டரைக் கொண்டுவந்தான். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவாளாம். தங்கராசு வாசிக்க முடியாமல் என் கையில் கொடுத்தான். "ஏய்யா, போட்டோ வந்துச்சு. சட்டையில வெயிலு ஒரு பக்கமிருந்து அடிக்குது, ஒம் மூஞ்சியில இன்னொரு பக்கமிருந்து அடிக்குது. அந்த ஊர்ல ரெண்டு சூரியனா? இனிமே போட்டோ வேணாம்யா. நீதான் தெனம் சாயங்காலம் வந்து மாட்டுக் கொட்டாய் ஓரமா உக்காந்துட்டுப் போறியே. தலையெல்லாம் கல்லுத் தூசியா இருக்கு. எத்தனை செம்பு தண்ணி ஊத்துனாலும் போக மாட்டேங்குது."

கல் தூசி. அந்த அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஏ.சி. கடை மட்டும்தான். குவாரி என்ற சொல்லையே அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. "நான் சொல்லலக்கா, எங்காத்தா சத்தியமா சொல்லல" என்று தங்கராசு சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

அந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனபோது வாப்பாவும் நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு சிவகங்கைக்கு பஸ் ஏறினோம். வாசலில் அண்ணன்காரர் மறித்தார். வாப்பா அவரைத் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். நான் உள்ளே போனேன். சுவரில் நான் போட்ட படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. கடைசிப் படத்தை மட்டும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி ஒட்டியிருந்தார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். டெவலப்பர் பட்டுப் பட்டு என் நகமெல்லாம் பழுப்பேறியிருக்கும். அதைத் தடவிப் பார்த்து, "போட்டோ போட்டது நீதானா தாயி?" என்றார்.

"ஆமாம்மா. உங்க மகன் செத்துப் பதினோரு மாசமாச்சு. கல் குவாரியில, பாறை சரிஞ்சு." சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "எந்நேரம்?" என்று கேட்டார். சாயங்காலம், வேலை முடியும் நேரம் என்றேன். "அதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் கையை விடாமலே சொன்னார்: "எனக்கு என்னைக்கோ தெரியும். யாராச்சும் வாயைத் தொறந்து சொல்லட்டும்னு உக்காந்திருந்தேன். பதினோரு மாசம் எம்புள்ளைக்கு என்னைய அழ விடாமப் பண்ணிட்டீங்களேடி." அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அந்தச் சத்தம் கேட்டதும் தெருப் பெண்கள் எல்லோரும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் அத்தனை பேரும் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நாங்கள் கிளம்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா வாசல்வரை வந்து, மாட்டுக் கொட்டகை ஓரத்தை வெகுநேரம் பார்த்தார். "இன்னைக்கு வரல" என்றார். நீ என் தோளில் இருந்தாய். உன்னை இறுக்கிப் பிடித்ததில் நீ அழுதுவிட்டாய்.

இதையெல்லாம் உன் முதலாளியிடம் நான் சொல்லவில்லை. அந்த ஆறு பேர் படத்தின் கண்ணாடியை மட்டும் காட்டி, நடுவில் இருப்பவன் மையத்து, கண் வரைந்தது, இதைக் கடையில் மாட்டாதீர்கள், மாட்டினால் உண்மையைக் கீழே எழுதுங்கள் என்றேன். அவர், "சும்மா ஈங்க லாத்தா. தங்கம் கிடைச்ச சந்தோஷத்துல கூட்டாளிங்க சேர்ந்து எடுத்த படம் அது. யாருக்குத் தெரியப் போவுது?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். மிச்சக் கண்ணாடிகளைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேறு இடத்தில் ஸ்கேன் செய்து பெரிதாக மாட்டிவிட்டார். கல்யாணத்துக்கு நகை எடுக்க வருகிறவர்கள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

உன்னைப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். உன் வாப்பாவும் நானும் இங்கே வந்தபோது யார் சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது வேறு. நீ நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள்தான் உம்மாவிடம் மறைப்பார்கள். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, நான் பதறுவேன் என்று கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கும் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். என் வாழ்நாள் முழுக்க முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் மகனே. அந்தச் சிரிப்பைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைக் கேட்டிருந்தால் சாப்பிட்டிருப்பேன். பயம் ஒரு ஆளைக் கொன்றுவிடாது. தெரிந்தும் தெரியாமலும் உட்கார வைப்பதுதான் கொல்லும். அதை நான் ஒரு தாய்க்குச் செய்தேன். அதை எனக்கு யாரும் செய்துவிடக் கூடாது, நீகூட.

நேற்று நீ மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான சான்றிதழ் வாங்கப் போயிருந்தபோது நான் தேராவுக்குப் போனேன். உன் முதலாளி டீ வரவழைத்தார். அந்தப் படத்துக்குக் கீழே இருந்த சோபாவில்தான் உட்கார வைத்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, அங்கே அவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா முதல் போன் எனக்கு வரணும். எங்க அண்ணனுக்கு இல்ல, ஊர் ஜமாஅத்துக்கு இல்ல. எனக்கு. பக்குவமாச் சொல்லுறோம்னு ஒரு மணி நேரம்கூட வச்சிக்கிடக் கூடாது" என்றேன். "பயணம் போற பிள்ளைய வச்சுக்கிட்டு ஏன் லாத்தா இப்புடிப் பேசுறீங்க" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து நின்று அந்தப் படத்தைப் பார்த்தார். "எவன்னு சொன்னீங்க?" என்று குரலை இறக்கிக் கேட்டார். நான் விரலை நீட்டினேன். அவர் கிட்டே போய்ப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களின் கைகளைப் பார்த்தார். கடைப்பையனைக் கூப்பிட்டு, படத்துக்கு மேல் எரிந்த விளக்கை அணைக்கச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்து, என் நம்பரைத் தன் டைரியின் முதல் பக்கத்தில் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்.

உன் பெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. இதை மடித்து உன் பாஸ்போர்ட் கவரில் வைத்துவிடுகிறேன். போய் இறங்கியதும் போன் பண்ணு. நல்லா இருக்கேன் உம்மா என்று ஆரம்பிக்காதே. எப்படி இருக்கிறாயோ அதைச் சொல்லு. நான் கேட்டுக்கொள்வேன்.

உன் உம்மா